பழுவூர் வீரமும் உழக்கு நெய்யும்

பாலை அப்படியே விட்டால் மறுநாள் திரிந்துவிடும். காய்ச்சி, வெதுவெதுப்பில் கொஞ்சம் மோர் விட்டு உறை ஊற்றினால் தயிர். கடைந்தால் வெண்ணெய். உருக்கி, ஒரு கொத்து முருங்கைக்கீரை போட்டு இறக்கினால் மாதக்கணக்கில் கெடாத நெய்.

போர்க்களத்தில் எடுத்த பேரும் பால்தான். பார்த்தவர்கள் இருக்கும்வரை இருக்கும், பிறகு திரிந்துபோகும். சோழர் காலத்தவர் அதை நெய்யாக்கி வைத்தார்கள். உறைமோர், இறைநம்பிக்கை.

அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் கீழப்பழுவூர் வரும். பழுவேட்டரையர்கள் ஆண்ட பகுதி. சுமார் கி.பி. 915இல் வெள்ளூரில் பாண்டியன் இரண்டாம் இராசசிம்மனும் அவனுக்குத் துணைவந்த ஈழப்படையும் சோழன் முதலாம் பராந்தகனோடு மோதினார்கள். சோழன் பக்கம் நின்று போரிட்டவர் பழுவேட்டரையர் கண்டன் அமுதனார். செஞ்சோற்றுக் கடன் என்று நாம் சொல்கிறோமே, அதைக் களத்தில் தீர்த்தவர். அந்தப் போரைச் சொல்லும் கல்வெட்டு கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயிலில் இருக்கிறது. ஆனால் அது போரைப் பாட வெட்டியதல்ல, விளக்குக் கொடைக்கான ஆவணம்.

இப்படிப்பட்ட நந்தாவிளக்கு, அதாவது அணையா விளக்கு, எப்படி எரிந்தது? இராசராசன் காலத்துத் தஞ்சைக் கணக்கு தெளிவாக இருக்கிறது: ஒரு விளக்குக்கு 96 ஆடு, நாளுக்கு ஓர் உழக்கு நெய். உழக்கு என்றால் நாழியில் கால். ஆடுகளை இடையர்கள் ஏற்றுக்கொண்டு நெய் அளந்தார்கள். கிழடு கழிந்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும், எண்ணிக்கை குறையக்கூடாது. அதனால் அவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். இன்றைய தயிரில் ஒரு கரண்டியை நாளைக்கு உறைக்கு எடுத்து வைப்பதும் இதே கணக்குதான்.

ஆடுகளை ஏற்றவர்கள் ஏமாற்றினால்? அங்கேதான் நம்பிக்கை வேலை செய்தது. கொடை சந்திர சூரியர் உள்ளவரை நடக்க வேண்டும், சிவனடியார்கள் காக்க வேண்டும் என்று கல்லில் வெட்டினார்கள். கெடுத்தால் பாவம். காவலுக்கு ஆள் நிறுத்த முடியாத இடத்தில் அந்தப் பயம் நின்றது.

செத்த வீரனின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் கொடுத்தார்கள். அது சோறு. விளக்கு, பேர். இரண்டும் வேண்டியிருந்தது.

இங்கிலாந்திலும் இதே எண்ணம் உண்டு. பிரெஞ்சுப் போர்களில் மாண்டவர்களின் ஆன்மாவுக்காகப் பிரார்த்திக்க 1438இல் ஆக்ஸ்போர்டில் ‘ஆல் சோல்ஸ்’ கல்லூரியைத் தொடங்கினார்கள். அங்கே பிரார்த்தனை, இங்கே நெய்.

எனக்கு இதில் பெரிய ஆள் வாளெடுத்தவர் அல்ல. விடியற்காலையில் மத்தைப் பிடித்துக் கடைந்த இடைச்சிதான். ஒருநாள் வீரத்தை ஆயிரம் நாள் காப்பாற்றியது அவள் கை. அவள் பேர் எந்தக் கல்லிலும் இல்லை.

அந்தச் சாலையில் போகிறவர்கள் ஒருமுறை இறங்கி ஆலந்துறையாரைப் பாருங்கள். கல்வெட்டு எழுத்துகளின் மேல் எண்ணெயும் விபூதியும் பூசாதீர்கள்.