கட்டணம் இல்லை, சிபாரிசு எடுபடாது... ஒரே ஒரு தேர்வுதான்! நியூயார்க்கின் இந்த அரசுப் பள்ளியைச் சுற்றி ஏன் இவ்வளவு சண்டை?

டொனேஷன் கிடையாது. இன்டர்வியூ கிடையாது. பள்ளியில் வாங்கிய மார்க்கைக்கூட பார்க்க மாட்டார்கள். 8-ம் வகுப்பு படிக்கும்போது 3 மணி நேரம் ஒரு தேர்வு எழுத வேண்டும். அதில் எடுக்கும் மதிப்பெண்தான் எல்லாமே.

நியூயார்க் நகரின் ஸ்டைவசன்ட் உயர்நிலைப் பள்ளியில் சேர இதுதான் வழி. முழுக்க முழுக்க அரசுப் பள்ளி. ஆனால் இங்கே படித்தவர்களில் 4 பேர் நோபல் பரிசு வாங்கியிருக்கிறார்கள்.

தச்சு வேலை கற்றுக்கொடுத்த பள்ளி

1904-ல் தொடங்கியபோது இது ஆண்களுக்கான தொழிற்பயிற்சிப் பள்ளி. கணிதம், அறிவியலில் நல்ல பெயர் வந்ததும் கூட்டம் சேர்ந்தது. 1934-ல் நுழைவுத் தேர்வு வந்தது.

மாணவிகளுக்கு மட்டும் கதவு திறக்கவே இல்லை. ஆலிஸ் டி ரிவெரா என்ற சிறுமி வழக்குப் போட்ட பிறகுதான், 1969-ல் பெண்கள் உள்ளே வந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், குடும்பம் ஊர் மாறிவிட்டதால் ஆலிஸால் அங்கே படிக்க முடியவில்லை.

1992-ல் ஹட்சன் ஆற்றங்கரையில் 10 மாடிக் கட்டடத்துக்குப் பள்ளி மாறியது. எஸ்கலேட்டர், நீச்சல் குளம் எல்லாம் உண்டு. இரட்டைக் கோபுரங்கள் அங்கிருந்து சில தெருக்கள் தள்ளித்தான் இருந்தன. 2001 தாக்குதலுக்குப் பிறகு கட்டடம் மீட்புப் பணிக்குப் போனது. மாணவர்கள் புரூக்ளினில் வேறொரு பள்ளியில் ஷிப்ட் முறையில் படித்து, அக்டோபர் 9-ம் தேதி திரும்பினார்கள்.

யார் யார் படித்தார்கள்?

ரோல்ட் ஹாஃப்மன் கதை ஒன்று போதும். போலந்தில் பிறந்த யூதச் சிறுவன். நாஜிக்களிடம் சிக்காமல் இருக்க, தாயுடன் ஒரு பள்ளிக்கூடத்தின் மச்சில் ஒளிந்திருந்தவர். 1949-ல் அமெரிக்கா வந்து, 1955-ல் ஸ்டைவசன்டில் படிப்பை முடித்தார். 1981-ல் வேதியியல் நோபல். ஜோஷுவா லெடர்பெர்க், ராபர்ட் ஃபோகல், ரிச்சர்ட் ஆக்சல் மற்ற மூவர்.

இது வெறும் புத்தகப்புழு பள்ளியும் இல்லை. நடிகர்கள் டிம் ராபின்ஸ், லூசி லியு இருவரும் இங்கே படித்தவர்கள். புலிட்சர் பரிசு வாங்கிய ஃபிராங்க் மெக்கோர்ட் இங்கே ஆங்கில வாத்தியாராக இருந்தவர். ரோபாட்டிக்ஸ் அணி இருக்கிறது, விவாத அணி இருக்கிறது. 'சிங்' என்ற இசை நாடகப் போட்டி ஆண்டுதோறும் நடக்கும். எழுதுவது, ஆடுவது, மேடை போடுவது எல்லாமே மாணவர்கள்தான்.

சரி, சண்டை எதற்கு?

2019-ல் ஸ்டைவசன்டில் இடம் கிடைத்தவர்கள் 895 பேர். அதில் கறுப்பின மாணவர்கள் வெறும் 7 பேர். நகரின் அரசுப் பள்ளிகளில் படிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பின, லத்தீன் பிள்ளைகள் என்பதை வைத்துப் பார்த்தால், இந்த எண் எவ்வளவு சின்னது என்று புரியும்.

கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடிந்தவர்களுக்கும், இப்படி ஒரு தேர்வு இருப்பதே தெரிந்தவர்களுக்கும்தான் சாதகம் என்பது ஒரு தரப்பின் வாதம். அப்போதைய மேயர் பில் டி பிளாசியோ 2018-ல் தேர்வையே எடுத்துவிட்டு, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் முதல் 7 சதவீத மாணவர்களுக்கு இடம் தரலாம் என்றார்.

கொதித்தவர்கள் ஆசியப் பெற்றோர். ஸ்டைவசன்டில் பெரும்பான்மை அவர்கள் பிள்ளைகள்தான். பணக்காரர்கள் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஓட்டல் வேலை, டாக்ஸி ஓட்டும் வேலை பார்த்து பிள்ளையை கோச்சிங் அனுப்பியவர்களும் அதில் உண்டு. எந்த ஆளையும் தெரியாத ஊரில் அவர்கள் நம்பியது அந்த மதிப்பெண்ணை மட்டும்தான். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்வது கஷ்டம். அந்த 7 என்ற எண்ணைக் கண்டுகொள்ளாமல் போவதும் அதே அளவு கஷ்டம்.

மேயர் நினைத்தால் மட்டும் தேர்வை நீக்கிவிட முடியாது. இந்தத் தேர்வு 1971-ல் வந்த மாநிலச் சட்டத்தில் இருக்கிறது. மாற்ற வேண்டுமென்றால் ஆல்பனியில் உள்ள மாநில சட்டமன்றம் மனசு வைக்க வேண்டும். 2019-ல் அது வைக்கவில்லை. டி பிளாசியோ பதவி முடிந்து போய்விட்டார், தேர்வு அப்படியே இருந்தது. 2023-ல் 762 பேருக்கு இடம் கிடைத்தது. கறுப்பின மாணவர்கள்? மறுபடியும் 7 பேர்.