வரவும் இருப்பும் – 14: பன்னிரண்டு சிப்பம் கிறிஸ்துமஸ்

டெல்டாவில் டிசம்பர் மாதம் வயலில் பயிர் இருக்கும், கையில் பணம் இருக்காது. குறுவை விற்று வந்த காசு தீபாவளிக்கும் சம்பா நடவுக்கும் போயிருக்கும். பிறகு மேலுரம், களை, பூச்சிமருந்து. சம்பா அறுவடை தையில்தான் சூடு பிடிக்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் முறை வந்து, எடை போட்டு, கணக்கில் பணம் ஏற மாசிகூட ஆகலாம். இந்த இரண்டு வரவுக்கும் நடுவே, காசு மிகக் குறைவாக இருக்கும் வாரத்தில் கிறிஸ்துமஸ் வந்து நிற்கிறது.

இது இன்று முளைத்த சிக்கல் அல்ல. தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் எழுந்தது. தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா அருகே சுவார்ட்ஸ் ஆலயம் 1779-இல் எழுந்தது. அங்கே பண்டிகை கொண்டாடிய உழவுக் குடும்பங்களுக்கும் சம்பா தையில்தான் வீடு வந்திருக்கும். இப்போது மாறியிருப்பது ஒன்றுதான்: அந்த வாரத்துக்கான கடன் தானாகவே வாசலுக்கு வருகிறது.

தண்டலையே எடுத்துக்கொள்வோம். பத்தாயிரம் கேட்டால் 1,500 ரூபாயை முன்னாலேயே பிடித்துக்கொண்டு 8,500 தருவது பல ஊர்களில் வழக்கம். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஏதோ 15 சதவீதம் போலத் தெரியும். ஆனால் மறுநாளே திருப்பிக் கட்டத் தொடங்கிவிடுகிறோம்; சராசரியாக நம் கையில் இருப்பது வாங்கியதில் ஏறக்குறைய பாதிதான். ஆண்டு வட்டியாகக் கணக்குப் போட்டால் 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. டிசம்பர் நடுவில் வாங்கிய கடனை மார்ச் கடைசி வாரம் வரை கட்டிக்கொண்டிருப்போம். சம்பா பணம் வரும்போது அதில் ஒரு பங்குக்கு ஏற்கெனவே ஆள் காத்திருப்பார். தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் இருக்கிறது. ஆனாலும் அவசரத்துக்குக் கை நீட்டுகிறவர் சட்டம் பார்ப்பதில்லை.

கடைகளில் சொல்லும் ‘வட்டியில்லாத் தவணை’யையும் நம்பிவிட வேண்டாம். கிரெடிட் கார்டுகளில் இத்தகைய திட்டங்களின் வட்டி, செயலாக்கக் கட்டணம் என்ற பெயரில் வாடிக்கையாளர் தலையிலேயே விழுகிறது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே எச்சரித்தது.

சரி, என்ன செய்யலாம்? பண்டிகைச் செலவை நெல்லில் கணக்கிட்டுப் பாருங்கள். 2025 செப்டம்பரில் தொடங்கிய கொள்முதல் பருவத்துக்குச் சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்தது. கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம் 40 கிலோ. ஆக, ஒரு சிப்பம் 1,000 ரூபாய். நால்வர் உள்ள வீட்டில் புத்தாடைக்கு 6,000, பலகாரத்துக்கும் கேக்குக்கும் 2,000, பரிசுகளுக்கு 2,500, காணிக்கைக்கு 1,500 என்று வைத்தால் மொத்தம் 12,000. பன்னிரண்டு சிப்பம். நடவும் களையும் அறுப்பும் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி உறைக்கும். எதை வாங்குவது, எதை விடுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

அந்தப் பன்னிரண்டு சிப்பத்தின் பணத்தைச் சம்பா பணம் வந்த அன்றே எடுத்து, டிசம்பர் முதல் வாரத்தில் முதிரும்படி வங்கியில் வைப்பில் போட்டுவிடுங்கள். மாதச் சம்பளக்காரர்கள் பிப்ரவரி முதல் நவம்பர் வரை மாதம் 1,200 வீதம் ஆர்.டி. கட்டினால் அதே தொகை சேரும். அஞ்சலக ஆர்.டி. நல்லதுதான், ஆனால் அது ஐந்தாண்டுத் திட்டம், இந்தத் தேவைக்கு ஒத்துவராது. கூலி வேலைக்குப் போகிறவர்கள் நடவிலும் அறுப்பிலும் வரும் கூலியில் ஒரு பங்கை மகளிர் குழுவில் பண்டிகைக்கென்றே தனியாகச் சேர்க்கலாம்.

‘அதற்குத்தான் கிறிஸ்துமஸ் சீட்டு இருக்கிறதே’ என்பீர்கள். மாதாமாதம் கட்டினால் பண்டிகைக்குப் பாத்திரமும் பலகாரப் பெட்டியும் தரும் சீட்டுகளில் பல, எங்கும் பதிவு பெறாதவை. 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி சீட்டு நடத்த முன்அனுமதியும் பதிவும் வேண்டும். ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களை 2019-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடை செய்கிறது. பிரிட்டனில் ஃபேர்பாக் என்ற நிறுவனம் இப்படித்தான் ஆண்டு முழுவதும் எளிய குடும்பங்களிடம் பணம் வாங்கி, கிறிஸ்துமஸ் பொருள்களும் பரிசுக் கூப்பன்களும் தந்துவந்தது. 2006 அக்டோபரில் அது திவாலானது. பண்டிகைக்கு இரண்டு மாதம் இருக்க, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் சேமிப்பு முடங்கியது. சட்டம் வலுவான நாட்டிலேயே அந்தக் கதி. பணம் கட்டுமுன் பதிவு எண்ணைக் கேளுங்கள். தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். வங்கி வைப்புக்கோ ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு.

இனி, பரிசு. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993-இல் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். பாசத்தின் மதிப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், வாங்கியவர் அந்தப் பொருளுக்குப் போடும் மதிப்பு அதன் விலையைவிடப் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைவு என்றார். நெருங்கிப் பழகாத உறவினர் தரும் பரிசில்தான் இழப்பு அதிகம். நம் ஊரில் இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது: கவரில் 101, 501. தூரத்து உறவுக்கு அதுவே போதும், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. மனம் தெரிந்த ஞானப்பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் மட்டும் பொருளாகத் தேடி வாங்குங்கள். தலையாட்டி பொம்மையும் நெட்டி வேலைப்பாடும் நாச்சியார்கோவில் குத்துவிளக்கும் புவிசார் குறியீடு பெற்ற நம் மண்ணின் கைவினைகள். அந்தக் காசு உள்ளூர்க் கைவினைஞர் வீட்டுக்குப் போகும்.

ஒரு கண்டிப்பு மட்டும் வேண்டும். பண்டிகைப் பணமும் ஆபத்துக்கால இருப்பும் ஒரே கணக்கில் இருக்கக் கூடாது. கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்தது. சுனாமி 2004 டிசம்பர் 26, பண்டிகைக்கு மறுநாளே நாகப்பட்டினத்தையும் வேளாங்கண்ணியையும் தாக்கியது. இந்தக் கரையில் ஆண்டின் கடைசி இரண்டு மாதங்களில் கையிருப்பை முழுதாகத் துடைத்துவிட்டு யாரும் துணி எடுக்கக் கூடாது.

இந்த டிசம்பரில் கை காலி என்றால், பிள்ளைகளின் துணியையும் பலகாரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, பெரியவர்களின் புதுத்துணியைச் சம்பா பணம் வரும் வரை தள்ளிப்போடுங்கள். வீட்டில் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள்; பிள்ளைகளுக்கும் தெரியட்டும். பணம் வந்த அன்று வங்கிக்குப் போய், முதல் வேலையாக அடுத்த கிறிஸ்துமஸுக்கான பன்னிரண்டு சிப்பத்தை ஒதுக்குங்கள். மற்ற செலவெல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்த வாரம்: நகைக்கடனை எப்போது எடுக்கலாம், எப்போது எடுக்கவே கூடாது?

(தொடரும்)