சொல்லக் கூசும் ஓர் உபத்திரவம்

மாதாந்தரப் பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிகள் வாந்தியையும் கால் வீக்கத்தையும் மாமியார் முன்னிலையிலேயே தாராளமாக எடுத்துச் சொல்லுகிறார்கள். ஆனால் மறைவிடத்தில் இரவெல்லாம் உறக்கத்தைக் கெடுக்கும் அரிப்பும், சிறுநீர் கழிக்கையில் எரிச்சலும், தயிர்க்கட்டி போன்ற வெள்ளைப்பாடும் உண்டானால், "எல்லாம் உடம்புச் சூடு, மோர் குடித்தால் தணிந்துவிடும்" என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு, டாக்டர் அம்மாள் துருவிக் கேட்டாலொழிய வாய் திறப்பதில்லை. மோர் குடிப்பதில் தோஷமொன்றும் இல்லை. அந்த அரிப்புக்குக் காரணம் மட்டும் சூடு அன்று.

காண்டிடா என்னும் பூஞ்சை ஆரோக்கியமான பெண்கள் பலருடைய சரீரத்திலும் ஓசையின்றிக் குடியிருப்பது. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு பன்மடங்கு பெருகுவதால், யோனியின் உட்சுவரில் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சத்து மிகுதியாகச் சேருகிறது. அங்கே இயல்பாக வாழும் லாக்டோபாஸில்லஸ் கிருமிகளின் துணையால் அது லாக்டிக் அமிலமாக மாறி, வேறு பல கிருமிகளை அண்டவொட்டாமல் காக்கிறதென்றாலும், காண்டிடாவோ அந்த அமிலத்தைச் சிறிதும் பொருட்படுத்தாமல், கிடைத்த போஷணையை உண்டு தழைக்கிறது. நீரிழிவு இருந்தாலும், வேறொரு வியாதிக்காக ஆன்டிபயாடிக் உட்கொண்டிருந்தாலும் அதற்கு இன்னும் சௌகரியம்.

ஆகவே இதை அசுத்தத்தின் விளைவென்றோ, நடத்தைக் கோளாறென்றோ எண்ணுவது அநியாயம். அப்படி எண்ணி, சோப்பும் கிருமிநாசினியும் இட்டு உள்ளேயெல்லாம் கழுவுகிறவர்கள், புண்பட்ட இடத்தை மேலும் புண்படுத்திக்கொள்கிறார்கள். வெளியே வெறும் தண்ணீர், இறுக்கமில்லாத பருத்தி உள்ளாடை, இவையே போதும்.

இந்தப் பூஞ்சையை அடக்கும் மருந்து கண்டுபிடிக்கப்பட்ட விருத்தாந்தம் நம் பெண்கள் அறிய வேண்டியது. நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையில் எலிசபெத் ஹேஸன், ரேச்சல் பிரௌன் என்னும் இரு பெண்மணிகள் பணிபுரிந்தனர். நியூயார்க் நகரத்தில் இருந்த ஹேஸன், பல இடத்து மண்ணிலிருந்து நுண்ணுயிர்களைப் பிரித்து வளர்த்து, அவற்றுள் பூஞ்சையைக் கொல்வனவற்றைக் கண்ணாடி ஜாடியிலிட்டுத் தபாலில் ஆல்பனிக்கு அனுப்புவார். இரசாயன நிபுணரான பிரௌன் அதிலுள்ள சத்தை வடித்தெடுத்துத் தபாலிலேயே திருப்பி அனுப்புவார். பூஞ்சையைக் கொன்ற பொருள்களிற் பல, பரிசோதனைப் பிராணிகளையும் கொன்றன. கடைசியில் வர்ஜீனியாவில் ஹேஸனின் சிநேகிதர்களுக்குச் சொந்தமான பால்பண்ணை மண்ணிலிருந்து கிடைத்த நுண்ணுயிர்தான் கைகொடுத்தது. 1950இல் உலகறிந்த அந்த ஔஷதத்துக்குத் தம் மாநிலத்தின் பெயரையொட்டி நிஸ்டாடின் என்று பெயரிட்டு, அதனால் வந்த ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு மேற்பட்ட உரிமைத்தொகையை, தமக்கென ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், விஞ்ஞான ஆராய்ச்சிக்கே இருவரும் விட்டுவிட்டனர்.

நிஸ்டாடின் இரத்தத்தில் ஏறக்குறையக் கலப்பதே இல்லை. இட்ட இடத்திலேயே நின்று வேலை செய்யும். கர்ப்பிணிக்கு வேண்டியதும் அப்படிப்பட்ட மருந்துதானே! இக்காலத்தில் அவ்விடத்தைப் பெரும்பாலும் க்ளோட்ரிமசோல் பிடித்துக்கொண்டிருக்கிறது. படுக்கப்போகும் முன் உள்ளே வைக்கும் மாத்திரையாகவோ க்ரீமாகவோ அதை ஏழு இரவுகள் உபயோகிக்கச் சொல்லுவது வழக்கம். இரண்டாம் இரவிலேயே அரிப்பு நின்றதென்று மருந்தை நிறுத்திவிடுகிறவர்களுக்கு உபத்திரவம் மீண்டும் தலைகாட்டினால் வியப்பில்லை.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் ஃப்ளூகோனசோல் மாத்திரையின் சங்கதி வேறு. முதல் மூன்று மாதங்களில் மிகுந்த அளவில் நெடுநாள் உட்கொண்டோர் சிலரின் குழந்தைகளுக்கு அங்கக் குறைகள் நேர்ந்திருக்கின்றன. டென்மார்க்கில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, இதை வாய்வழி உட்கொண்ட கர்ப்பிணிகளிடையே கருச்சிதைவு அதிகம் காணப்பட்டதென்று கூறிற்று. மருத்துவர் எழுதித் தராமல் அதைத் தொடவே கூடாது.

பூஞ்சையால் கருவிலுள்ள சிசுவுக்குச் சாதாரணமாகத் தீங்கில்லை. பிரசவத்தின்போது தொற்றினால் குழந்தையின் வாயில் வெண்மை படரக்கூடும், அதுவும் எளிதில் தீர்வதே. அடிக்கடி திரும்பி வருகிறதென்றால் இரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்துவிடுவது நலம். மீன்வாடை வீசினால் அது பெரும்பாலும் வேறு தொற்று. அதற்கு மருந்தும் வேறு. தண்ணீர் போலக் கசிந்துகொண்டே இருந்தாலோ இரத்தம் கலந்து வந்தாலோ, வெள்ளைப்பாடென்று வீட்டில் இராமல், இரவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அது பனிக்குடத்து நீராக இருக்கலாம்.