தண்டித்தும் தள்ளாத பெருமான்

முருகப்பெருமானின் குணங்களை எடுத்துரைப்போர் அழகையும் வீரத்தையும் அறிவையும் முதலில் சொல்வர். அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க குணம் மற்றொன்று உண்டு. தவறு செய்தவனைத் தண்டித்த பின்னும் அவனைத் தள்ளிவிடாத குணம் அது. சைவச் சான்றோர் இதனை மறக்கருணை என்பர். ஒறுத்தல் போலத் தோன்றினும் உள்ளே கருணையாக இருப்பதால் அதற்கு அப்பெயர். பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோரும், வகுப்பை நடத்தும் ஆசிரியரும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இதனுள் இருக்கிறது. மூன்று நிகழ்ச்சிகளைக் கொண்டு அதனை ஆராய்வோம்.

முதலாவது, நான்முகன் வரலாறு. படைப்புத் தொழில் தன் கையில் உள்ளது என்ற செருக்கினால், நான்முகன் இளம் முருகனை மதியாது சென்றான். முருகன் அவனை அழைத்துப் பிரணவத்தின் பொருளைக் கேட்டான். விடை வரவில்லை. தலையில் குட்டு விழுந்தது, சிறையும் வாய்த்தது. ஆயினும் சிவபெருமான் வந்து சொன்னதும் சிறைக்கதவு திறந்தது. விடுதலை பெற்ற நான்முகனுக்குப் பழைய படைப்புத் தொழிலே மீண்டும் கிடைத்தது. “ஒருமுறை தவறியவன் இனி எதற்கும் ஆகான்” என்று முருகன் முடிவு கட்டவில்லை. தண்டனைக்கு ஒரு முடிவு வேண்டும் என்பதை இதனால் அறிகிறோம்.

இரண்டாவது, சூரபன்மன் வரலாறு. கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தில் இதனை விரிவாகப் பாடியுள்ளார். போர் தொடங்குமுன் வீரவாகுதேவர் தூது செல்கிறார். ஆற்றல் மிக்கவன் முதலில் அனுப்புவது சொல்லையே. வேல் பின்னர்தான் செல்கிறது. சூரன் சொல்லுக்கு இணங்கவில்லை. போர் மூண்டது. இறுதியில் அவன் கடல் நடுவே மாமரமாகி நின்றபோது வேல் அவனை இரு கூறாக்கியது. ஒரு கூறு மயிலாயிற்று. மற்றொரு கூறு சேவலாயிற்று. மயில் ஊர்தியாகவும், சேவல் கொடியாகவும் அமைந்தன.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். வேல் பிளந்தது சூரனின் ஆணவத்தை. அவனுடைய ஆற்றல் அழிக்கப்படவில்லை. விண்ணெங்கும் பறந்து திரிந்த வேகம் மயிலின் வேகமாயிற்று. உலகை நடுக்கிய குரல் விடியலை அறிவிக்கும் சேவலின் குரலாயிற்று. குற்றத்தை நீக்கிவிட்டுக் குற்றவாளியின் திறமையை நல்வழியில் திருப்புவதே இதன் கருத்து.

மூன்றாவது, இடும்பன் கதை. அகத்தியர் ஏவலால் சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளைத் தண்டின் இருபுறமும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து வந்தவன் இடும்பன். பழனியில் இளைப்பாற அவற்றை இறக்கி வைத்தான். மீண்டும் தூக்க முடியவில்லை. குன்றின்மேல் நின்ற சிறுவனோடு பூசலிட்டு உயிரிழந்தான். சிறுவனாக நின்ற முருகன், வேண்டியோர்க்கு இரங்கி அவனை எழுப்பினான். தன் மலைக்கு அவனையே காவலனாக்கினான். எதிர்த்து நின்றவனிடமே வாயிற்காவலை ஒப்படைப்பதற்கு எத்துணை நம்பிக்கை வேண்டும்! இடும்பனைப் போலத் தோளில் சுமந்து வருவோர்க்கு அருள் கிட்டும் என்பதே காவடி வழக்கத்தின் வரலாறாகச் சொல்லப்படுகிறது.

இந்தக் காவடியைப் பேராக் மாநிலத் தமிழர் நன்கு அறிவர். தைப்பூசத்தன்று ஈப்போவில், குனோங் சீரோ சுண்ணாம்புக்கல் மலையடியில் உள்ள கல்லுமலைச் சுப்பிரமணியர் கோயிலை நோக்கிக் காவடிகள் வருகின்றன. அக்காவடிகளைத் தாங்கும் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் சீவி, காண்டாக் கம்பின் இருமுனையிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்தவர்கள். இடும்பனின் சுமை அவர்களுக்குக் கதையில் மட்டும் கண்ட பொருள் அன்று.

தோட்டத்தில் லயத்தை அடுத்துக் கோயிலும், பல இடங்களில் தமிழ்ப்பள்ளியும் இருந்தன. 1950, 1960ஆம் ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது தொழிலாளர் பலர் வேலையையும் இருப்பிடத்தையும் ஒருங்கே இழந்தனர். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது இத்துயரைத் தடுக்கவே. தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டி அச்சங்கம் தோட்டங்களை வாங்கியது. எனினும், பின்வந்த ஆண்டுகளில் ரப்பர் நின்ற நிலம் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறியது. குடும்பங்கள் நகர்ப்புறம் சேர்ந்தன. தோட்டத்தில், பிள்ளை தவறினால் கண்டிக்க அண்டை வீட்டார் இருந்தனர்; கண்டித்த கையால் சோறு போட்டவரும் அவரே. நகரத்தில் கண்டிப்பவர் உண்டு, சேர்த்துக்கொள்பவர் குறைவு. இடறிய இளைஞனைத் தீய கூட்டம் “வா” என்று அழைக்கும்போது, நாம் “போ” என்று சொல்லிக்கொண்டிருந்தால் அவன் எங்கே செல்வான்?

ஆதலால் இம்மூன்று வரலாறுகளையும் ஆசிரியர் தம் வகுப்பறைக்குள் கொண்டுவரலாம். முதலில் தூது: பிரம்பை நினைக்குமுன் மாணவனைத் தனியே அழைத்துக் காரணம் கேட்க வேண்டும். அடுத்து எல்லை: திங்கட்கிழமைக் குற்றத்தை வெள்ளிக்கிழமையும் சொல்லிக் காட்டலாகாது. பின்னர்ப் பொறுப்பு: உரக்கக் கத்துபவனுக்கு மேடைப்பேச்சுப் பயிற்சி தரலாம், ஓரிடத்தில் நில்லாது ஓடுபவனைத் திடலுக்குத் தலைவனாக்கலாம், பூசலிடுபவனிடம் நூலகச் சாவியை ஒப்படைக்கலாம்.

இது தவறுக்கு இடங்கொடுப்பது ஆகாதோ எனச் சிலர் ஐயுறலாம். ஆகாது. முருகன் வேலை எறியாமல் இருந்துவிடவில்லை, குட்டாமலும் விடவில்லை. குற்றத்தைக் குற்றம் என்றே காட்டினான். ஆனால் தண்டனை முடிந்ததும் நான்முகனுக்குத் தொழிலும், சூரனுக்குக் கொடியும் ஊர்தியும், இடும்பனுக்குக் காவலும் இருந்தன. தண்டிப்பதற்கு அதிகாரம் போதும். தண்டித்தவனுக்குத் தன் அருகிலேயே இடம் தருவதற்குப் பெருந்தன்மை வேண்டும். முருகனை வழிபடுவோர் முயன்று பெற வேண்டிய குணம் அதுவே.