பன்னிரண்டு மணி நேரக் காத்திருப்பில் வெளியே போகலாமா?

ஜவ்வாது மலையிலிருந்து வெளிநாடு கிளம்புகிறவர் முதலில் மலையிறங்க வேண்டும். ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் வழியாக வாணியம்பாடிக்கு வந்தால் ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் பெங்களூரு. எந்தப் பக்கம் டிக்கெட் மலிவோ அந்தப் பக்கம் போவார்கள். அடிவாரத்து ஆம்பூர், வாணியம்பாடி தோல் வியாபாரிகளுக்கு விமானம் பழகிய விஷயம். மலைமேல் அப்படி இல்லை. குடகுக் காபித் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய் வந்த மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களில், பாஸ்போர்ட் எடுப்பதே முதல் தலைமுறை அனுபவம்.

மலிவு டிக்கெட் என்றால் வழியில் ஒரு விமான நிலையத்தில் நீண்ட காத்திருப்பு இருக்கும். நேரடி விமானத்துக்குக் கூடுதலாகக் கொடுக்க முடியாதவர்தான் துபாயிலோ கோலாலம்பூரிலோ பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து கிடப்பார். கண்ணாடிக்கு வெளியே ஊர் தெரியும். போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரலாமா என்று மனம் கேட்கும். கையில் அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸ் இருக்கிறதே, யார் தடுப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

தடுப்பது இமிகிரேஷன் கவுன்டர். விமானத்தைவிட்டு இறங்கி, அந்தக் கவுன்டரைத் தாண்டாமல் டிரான்சிட் பகுதியிலேயே இருக்கும்வரை, சட்டத்தின் கணக்கில் பயணி அந்த நாட்டுக்குள் நுழையவே இல்லை. தாண்டினால், அது இரண்டு மணி நேரத்துக்கானாலும், நுழைவுதான். விசா கேள்வி அங்கே வந்துவிடும். ஊர் பார்க்கும் ஆசையே இல்லாதவரும் சில நேரம் இதில் மாட்டிக்கொள்வார். இரண்டு விமானத்துக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுத்திருந்தால், பெட்டியை வெளியே போய் எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும். ஆயிரம், இரண்டாயிரம் மிச்சம் பிடிக்க ட்ராவல்ஸ்காரர் இரண்டு பிஎன்ஆரில் டிக்கெட் போட்டுக் கொடுத்தால், அப்போதே அவரிடம் கேட்க வேண்டியது இதைத்தான்: பெட்டி கடைசி ஊர் வரை தானாகப் போகுமா, போகாதா?

நம் பாஸ்போர்ட்டுக்கு எங்கே கதவு திறக்கும்? சிங்கப்பூர் இந்தியர்களுக்கு 96 மணி நேரம் விசா இல்லாமல் உள்ளே வர ஒரு சலுகை வைத்திருக்கிறது. ஆனால் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து ஆகியவற்றில் ஏதாவது ஒரு நாட்டின் செல்லுபடியாகும் விசா அல்லது குடியிருப்பு அனுமதி பாஸ்போர்ட்டில் இருக்க வேண்டும். 96 மணி நேரத்துக்குள் கிளம்பும் டிக்கெட்டும் வேண்டும். சாங்கி விமான நிலையம் இலவசமாக நடத்தும் நகரச் சுற்றுலாவில் சேரவும் இமிகிரேஷனைத் தாண்டும் உரிமை வேண்டும். சிட்னிக்குப் படிக்கப் போகிற பையனுக்கு அந்த வாய்ப்பு உண்டு. அதே விமானத்தில் வந்து வேறு நாட்டுக்குக் கூலி வேலைக்குப் போகிறவருக்கு, சிங்கப்பூர் விசாவை முன்கூட்டியே வாங்கியிருந்தால் ஒழிய, இல்லை.

ஐக்கிய அரபு அமீரகத்தில் 48 மணி நேர டிரான்சிட் விசா இலவசம், 96 மணி நேரத்துக்கு 50 திர்ஹாம். இரண்டையும் பயணத்துக்கு முன்பே, அந்நாட்டு விமான நிறுவனம் மூலம் வாங்க வேண்டும். இறங்கியபின் கவுன்டரில் போய்க் கேட்டால் கிடைக்காது. 2023 நவம்பரிலிருந்து தாய்லாந்தும் டிசம்பரிலிருந்து மலேசியாவும் இந்தியர்களை விசா இல்லாமல் உள்ளே விடத் தொடங்கின. கூலிக்குப் போகிறவருக்கும் வியாபாரிக்கும் ஒரே கதவு திறந்தது அங்கேதான். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது. மலேசியாவுக்குள் நுழைய முன்கூட்டியே இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். இந்தச் சலுகைகள் மாறக்கூடியவை. போன வருடம் மாமா போனார், ஒன்றும் கேட்கவில்லை என்பதை நம்பி டிக்கெட் எடுக்கக் கூடாது.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக ஈசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று இருக்கும். மலைக் கிராமங்களில் இது அதிகம் குழப்புகிறது. 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும் என்பதே அதன் பொருள். இடையில் இறங்கும் ஊரில் வெளியே போக அது அனுமதியும் தராது, தடையும் போடாது.

இனி கதவு மூடிய பக்கம். அமெரிக்காவில் டிரான்சிட் பகுதி என்று ஒன்று கிடையாது. விமானம் மாறுவதற்கே இமிகிரேஷனைத் தாண்ட வேண்டும், அதற்கு விசா வேண்டும். விசா இல்லாமல் விமானம் மாறிச் செல்ல இருந்த ஏற்பாட்டை 2003 ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்கள். ஐரோப்பா இன்னொரு படி மேலே போகிறது. சில நாட்டுக்காரர்கள் விமான நிலையத்தைவிட்டு வெளியே வராமல், உள்ளே உட்கார்ந்திருக்கவே தனியாக விமான நிலைய டிரான்சிட் விசா வாங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009 விசா சட்டம் இதற்கென்று பன்னிரண்டு நாடுகளைப் பட்டியலிட்டது. ஆப்கானிஸ்தான், ஈராக், சோமாலியா எல்லாம் உள்ள அந்தப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது.

இலங்கை அதில் இருப்பதற்குப் பின்னால் நம் மக்களின் கதை இருக்கிறது. 1983 ஜூலை வன்முறைக்குப் பின் ஈழத்தமிழர்கள் கிடைத்த விமானத்தில் ஏறினார்கள். 1985 மே மாதம் பிரிட்டன் இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடொன்றின் குடிமக்களுக்கு அது அப்படிச் செய்தது அதுவே முதல்முறை. 1987 பிப்ரவரியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் லண்டன் ஹீத்ரோவில் இறங்கி அடைக்கலம் கேட்டார்கள். மறுத்துத் திருப்பி அனுப்ப விமானத்தருகே கொண்டுபோனபோது, அவர்களில் பலர் ஓடுதளத்திலேயே, அந்தக் குளிரில், ஆடைகளைக் களைந்து உள்ளாடையோடு நின்று போராடினார்கள். நீதிமன்றம் தலையிட்டு வெளியேற்றத்தை நிறுத்தியது. அந்த ஆண்டே பிரிட்டன் ஒரு சட்டம் கொண்டுவந்தது: சரியான ஆவணம் இல்லாத பயணியை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்குத் தலைக்கு 1,000 பவுண்டு அபராதம். அதிகாரி செய்ய வேண்டிய சோதனையை அந்தச் சட்டம் டிக்கெட் கவுன்டருக்குத் தள்ளிவிட்டது. மற்ற நாடுகளிலும் இதே வழக்கம் வேரூன்றியது.

இன்று சென்னையிலோ பெங்களூரிலோ செக்-இன் கவுன்டரில் பெட்டியை எடை போடுமுன் பாஸ்போர்ட்டைப் புரட்டி, கணினியில் தட்டி, முகத்தை நிமிர்ந்து பார்க்கிறார்களே, அதன் காரணம் இதுதான். அவர்கள் பார்ப்பது டிமாட்டிக் என்ற தரவுத்தளம்; பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான அயாட்டா நடத்துவது. பயணியின் குடியுரிமை, போகும் ஊர், இடையில் இறங்கும் ஊர், கையிலுள்ள விசாக்கள் ஆகியவற்றைக் கொடுத்தால் ஏற்றலாமா கூடாதா என்று சொல்லும். அது கூடாதென்றால் பெட்டி பெல்ட்டில் நகராது. பயணி அங்கே எவ்வளவு வாதாடினாலும் பயனில்லை, ஏனென்றால் அபராதம் கட்டப்போவது அந்த நிறுவனம்.

மின்னூரிலும் மேல்மொணவூரிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. ஜவ்வாது மலையிலிருந்து வெகுதூரம் இல்லை. அங்கே இருப்பவர்களைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்தும் கனடாவிலிருந்தும் சொந்தக்காரர் வருவதுண்டு. கனடா குடியுரிமை பெற்ற அக்கா பிராங்க்பர்ட்டில் இறங்கி, வெளியே போய்க் காபி குடித்துவிட்டு வரலாம். இலங்கை பாஸ்போர்ட்டோடு மேற்கே பயணம் போகிற தம்பி, கனடா, அமெரிக்கா போன்ற நாட்டு விசா கையில் இல்லாவிட்டால், அதே பிராங்க்பர்ட்டில் ஒரு நாற்காலியில் உட்காரக்கூட முன்கூட்டியே மனுப் போட வேண்டும். ஒரே வயிற்றில் பிறந்த இருவருக்கு இது நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

நம் நாட்டுக் கதவும் அகலம் இல்லை. ஜவ்வாது மலையிலேயே காவலூர் வானாய்வகம் இருக்கிறது; அங்கே 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறக்கப்பட்டது. அங்கிருந்த 1 மீட்டர் தொலைநோக்கி 1977 மார்ச்சில் யுரேனஸ் கோளின் வளையங்களைக் கண்டறிந்த அவதானிப்புகளில் பங்கேற்றது. சென்னையில் அரை நாள் காத்திருக்கிற ஜெர்மன் வானியல் மாணவி ஒருவர் அந்தத் தொலைநோக்கிகளைப் பார்க்க ஆசைப்பட்டால், முன்னதாகவே இ-விசா வாங்கியிருக்க வேண்டும். இங்கே வந்திறங்குவதற்குக் குறைந்தது நான்கு நாள் முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். டிரான்சிட் விசா என்றால் தங்கல் மூன்று நாளுக்கு மேல் கிடையாது. விசா இருந்தாலும் அரை நாளில் காவலூர் போய்த் திரும்புவது முடியாத காரியம். போகவே நான்கைந்து மணி நேரம், திரும்ப அதே அளவு, விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே நிலையத்தில் இருக்க வேண்டும். இரண்டு நாள் ஒதுக்கி வரச் சொல்வதே நல்லது.

முதன்முறை போகிறவர்கள் டிக்கெட்டுக்குப் பணம் கட்டுமுன் இடையில் இறங்கும் ஊரின் அரசு இமிகிரேஷன் தளத்தைப் பாருங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விமான நிறுவனத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெளியே போக அனுமதி இருந்தாலும், காத்திருப்பு ஆறு மணி நேரத்துக்குக் குறைவென்றால் நான் போகச் சொல்ல மாட்டேன். வரிசைகளிலேயே பாதி கரைந்துவிடும்.