நெருக்கி நட்ட மரம் பருக்காது

ஹரியானாவின் யமுனாநகர் மரச்சந்தைக்குப் பஞ்சாபிலிருந்தும் மேற்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் டிராக்டர்களில் பிளைவுட்டுக்கான பாப்ளர் மரக்கட்டைகள் வந்து இறங்குகின்றன. அங்கே தரம் பிரிப்பது சுற்றளவை வைத்துத்தான். 24 அங்குலத்துக்கு மேற்பட்ட கட்டைக்கு நல்ல விலை. 18 அங்குலத்துக்குக் கீழே போனால் அடிமாட்டு விலை. ஆறேழு வருட உழைப்பின் பலன் இந்த அங்குலக் கணக்கில் அடங்கிவிடுகிறது.

ஆபத்து எங்கே?

பாப்ளருக்கு வெயில் நிறைய வேண்டும். நெருக்கி நட்டாலும் உயரம் அவ்வளவாகக் குறையாது. விவசாயி ஏமாறுவது அதனால்தான். சில வருடங்களில் கிளைகள் கூடிக்கொள்ள, கீழ்க்கிளைகள் நிழலில் காயும், அடிமரம் பருப்பது மட்டுப்படும். ஒரே நீளமுள்ள கட்டைகளில், 18 அங்குலத்தைவிட 24 அங்குலக் கட்டையில் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்கு மரம் இருக்கும். விறகுக்கும் காகிதக்கூழுக்கும் நெருக்க நடவு போதும். பிளைவுட்டுக்கு ஆகாது.

எவ்வளவு விடுவது?

3×3 மீட்டரில் ஏக்கருக்குச் சுமார் 450 கன்று பிடிக்கும். 5×4 மீட்டரில் சுமார் 200. அதே 200 கன்றை 8×2.5 மீட்டரில் நட்டால் நடுவே டிராக்டர் ஓடும். குளிர்காலத்தில் பாப்ளர் இலை உதிர்ப்பதால் கோதுமைக்கும் வெயில் கிடைக்கும். ஆனால் இடைவெளி கூடினால் பக்கக்கிளை தடித்து முடிச்சு விழும். காலத்தில் கவாத்து செய்தாக வேண்டும். ஏற்கெனவே நெருக்கி நட்டவர்கள், கிளைகள் கூடும் முன்பே இடைமரங்களைக் கலைத்துவிடலாம்.

உங்கள் உரிமை

தமிழகத்தின் வெப்பம் பாப்ளருக்கு ஒத்துவராது. ஆனால் பிளைவுட்டுக்கென மலைவேம்பு நடுவோருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். ‘அதிகக் கன்று, அதிக லாபம்’ என்று யாராவது ஆசை காட்டினால், அதை எழுத்தில் கேளுங்கள். ரகம், எண்ணிக்கை, தேதி குறித்த பில்லையும் சிபாரிசு செய்த இடைவெளியையும் வாங்கி வையுங்கள். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கன்று வாங்கியவரும் அதை எடுத்துக்காட்டி வாதாடலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும் என்பது சட்டம். ஆகவே மரத்தின் சுற்றளவை ஆண்டுதோறும் அளந்து எழுதி வையுங்கள். குறை தெரிந்தால் அறுவடை வரை காத்திருக்காதீர்கள்.