மோட்டார் வாகனங்களின் உட்பகுதிக் குறைபாடுகள்

மோட்டார் வாகனம் வாங்குவோர் அதன் எஞ்சினையும் எரிபொருட் செலவையும் பற்றிப் பலமுறை விசாரிப்பர். ஆயினும் சில ஆண்டுகள் கழிந்தபின் அவர்கள் முறையிடுவது பெரும்பாலும் உட்பகுதியைப் பற்றியே ஆகும். முகப்புப் பலகை கிறீச்சிடுகிறது, கூரைத்துணி தொங்குகிறது, பொத்தான்கள் பிசுபிசுக்கின்றன, மழைக்காலத்தில் தரைவிரிப்பு ஈரமாகிறது. இவற்றைக் கண்டோர், பழைய வண்டிகளின் உறுதி இக்கால வண்டிகளுக்கு இல்லை என்று கூறுவது இயல்பே. இக்கூற்றில் எவ்வளவு உண்மை உண்டு, எந்தக் குறை வெறுந்தொல்லை, எந்தக் குறை உயிருக்கு ஆபத்தானது என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

பழைய வண்டியும் புதிய வண்டியும்

மும்பை நகரின் கறுப்பு மஞ்சள் டாக்சியை உதாரணமாகக் கொள்ளலாம். வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனி, குர்லாவில் இருந்த தன் தொழிற்சாலையில் இத்தாலிய ஃபியட் 1100 வகைக் காரைத் தயாரித்தது. அதுவே 1970-களில் பிரீமியர் பத்மினி என்ற பெயரைப் பெற்றது. இவ்வகையின் கடைசி டாக்சி 2003 அக்டோபரில் பதிவாயிற்று. டாக்சிகளுக்கு 20 ஆண்டு வயது வரம்பு விதிக்கப்பட்டிருந்ததால், 2023 அக்டோபர் முடிவில் அது சாலையை விட்டு நீங்கியது.

அவ்வண்டி நீடித்து உழைத்ததற்கு ஒரு முக்கிய காரணம், அதன் உட்பகுதியை எளிதில் கழற்றிப் பூட்ட முடிந்தமையே. உறுப்புகள் திருகாணிகளால் இணைக்கப்பட்டிருந்தன. இருக்கை கிழிந்தால் தெருவோரத் தையற்காரரே புதிய ரெக்சின் தைத்துப் பொருத்திவிடுவார். ஆனால் அவ்வண்டி பாதுகாப்பானது என்று எண்ணுதல் தவறு. மோதலில் பயணியைக் காக்கும் காற்றுப்பை அதில் இல்லை. தகடும் துருவுக்கு எளிதில் இரையாயிற்று.

இன்றைய காரின் வெளித்தகடு மெல்லியதே. எனினும், பல கார்களில் பயணிகளைச் சூழ்ந்துள்ள தூண்கள், சாதாரண எஃகைவிடப் பன்மடங்கு வலிமையுள்ள எஃகால் ஆனவை. எனவே தகட்டைத் தட்டிப் பார்த்து உறுதியை அளவிட இயலாது. உண்மையில் குறைந்திருப்பது வேறொன்று. உட்பலகைகள் இப்போது திருகாணிகளுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கிளிப்புகளால் பெரிதும் பொருத்தப்படுகின்றன. இதனால் தொழிற்சாலையில் நேரம் மிஞ்சுகிறது. ஆனால் ஒருமுறை கழற்றியதும் கிளிப்பு உடையக்கூடும்; பின்னர் அப்பலகை முன்போல் இறுகி அமைவதில்லை.

வெப்பமும் ஓசையும்

வெயிலில் நிறுத்திய காரின் முகப்புப் பலகை 70 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் சூடேறக் கூடும். இரவில் அது 25 டிகிரிக்கு இறங்கலாம். 1.4 மீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டு 50 டிகிரி வெப்ப உயர்வில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நீளும். அதே நீளமுள்ள பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்கோ ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நீளும். இதைக் குறைக்கவே டால்க் என்னும் மாவுக்கல் தூளை அதனுடன் கலக்கின்றனர். நீட்சிக்கு இடமில்லாதபோது பலகை வளைகிறது. பிடிப்பு தளர்ந்தபோது உராய்ந்து கிறீச்சிடுகிறது அல்லது மோதிக் கடகடக்கிறது. இவ்வோசை தொல்லையே அன்றி, பொதுவாக ஆபத்தன்று.

ஈரமும் இரசாயன மாற்றமும்

வெப்பத்துடன் ஈரமும் சேரும் கடற்கரை நகரங்களில் பிளாஸ்டிக்கின் மூப்பு விரைவுபடுகிறது. கூரைத்துணிக்குப் பின்னால் மெல்லிய பாலியூரிதேன் நுரைப்பொருள் ஒட்டப்பட்டிருக்கும். அதன் எஸ்டர் வகை, நீராவியால் மெல்லச் சிதைந்து பொடியாகிறது. துணி கெடாமல் இருந்தும் தொங்குவதன் காரணம் இதுவே. தொடுவதற்கு மென்மையாயிருக்கப் பூசப்பட்ட வண்ணமும் இவ்வாறே சிதைந்து பிசுபிசுக்கிறது. பி.வி.சி. உறையை வளைந்து கொடுக்கச் செய்யும் எண்ணெய் போன்ற பொருள் வெப்பத்தில் வெளியேறி முன்கண்ணாடியின் உட்புறத்தில் மங்கலாகப் படிகிறது. நாளடைவில் உறை விறைத்து வெடிக்கிறது.

வகுப்பறைக்கு ஒரு பரிசோதனை

மும்பை தாராவியில், பதின்மூன்றாம் காம்பவுண்டு எனப்படும் பகுதியில், பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து மீண்டும் பயன்படுத்தும் தொழில் நடைபெறுகிறது. தொழிலாளர் ஒரு துண்டைத் தட்டி ஓசையைக் கேட்டும், நீரில் இட்டுப் பார்த்தும் அதன் வகையை அறிவர். நீரில் இட்டுப் பார்க்கும் முறையை ஆசிரியர்கள் மாணவர்க்குக் காட்டலாம்.

ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் தூய நீரையும், மற்றொன்றில் உப்பு மேலும் கரையாத அளவுக்குக் கரைத்த நீரையும் எடுத்துக்கொள்க. உடைந்த உட்பலகைகளின் சிறு துண்டுகளைக் கழுவி, குமிழி ஒட்டாதவாறு அமிழ்த்தி விடுக. கலப்பற்ற பாலிபுரோப்பிலீன் தூய நீரிலேயே மிதக்கும். அதன் அடர்த்தி 0.9. ஏ.பி.எஸ். நீரில் மூழ்கி உப்புநீரில் மிதக்கும். பி.வி.சி. இரண்டிலும் பெரும்பாலும் மூழ்கும். 20 சதவீதம் டால்க் சேர்ந்த பாலிபுரோப்பிலீனும் நீரில் மூழ்கும் என்பதால், துண்டின் பின்புறத்தில் அச்சிட்ட குறியீட்டையும் பார்த்து முடிவு செய்தல் வேண்டும். துண்டுகளை எரித்துச் சோதித்தல் கூடாது, பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சு வாயு வெளிப்படும்.

ஆபத்தான குறைகள்

உட்பகுதிக் குறைகளுள் முதன்மையாகக் கவனிக்கத்தக்கது நீர்க்கசிவு. கதவின் உட்பலகைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் திரை ஒட்டப்பட்டிருக்கும். பழுது பார்த்தவர் அதனை மீண்டும் செவ்வையாக ஒட்டாவிடில், கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் உள்ளே கசியும். இலைகள் அடைத்த வடிதுளையும், குளிர்சாதனத்தின் அடைபட்ட நீர்க்குழாயும் இதே தீங்கைச் செய்யும். விரிப்பு மேலே உலர்ந்து தோன்றினும், அடியில் வாரக்கணக்கில் ஈரம் தங்கும். அங்கே தகடு துருப்பிடிக்கிறது. மின்கம்பி இணைப்புகளில் களிம்பு படிகிறது. காற்றுப்பையை இயக்கும் கருவி பல கார்களில் நடுத்தரையின் மேல் அமைந்திருப்பதை நினைவிற் கொள்க. ஓட்டுநருக்கான காற்றுப்பை இந்தியாவில் 2019 ஜூலை முதல் கட்டாயமாயிற்று. அணையாது எரியும் எச்சரிக்கை விளக்கு, அது வேண்டும்போது விரியாமற் போகலாம் என்பதன் அறிகுறி. காற்றுப்பை உள்ள இருக்கையின் பக்கத்தை மூடித் தைத்த உறையும் அதைத் தடுக்கும்.

மும்பையில் மழைக்காலந்தோறும் மாட்டுங்காவின் காந்தி மார்க்கெட் பகுதியிலும், செம்பூரின் தாழ்வான இடங்களிலும் சாலையில் நீர் தேங்குவதுண்டு. 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அப்பெருவெள்ளத்தில் கார்களுக்குள்ளே சிக்கியும் சிலர் உயிரிழந்தனர். காரணம் எளிதில் விளங்கும். ஒரு மீட்டர் அகலமுள்ள கதவின் அடியிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெளியே நீர் நின்று, உள்ளே நீர் இல்லையெனில், கதவின் மேல் சுமார் 180 கிலோகிராம் எடைக்கு ஈடான விசை அழுத்தும். மின்விசையால் இயங்கும் கண்ணாடியும் நனைந்து செயலிழக்கலாம். ஆதலால் நீர் கதவின் அடியைத் தொடும் முன்னரே கண்ணாடியை இறக்கி, வெளியேறிவிடுதல் நன்று.

கவனிக்க வேண்டியவை

களப்பணியாளர் தம் பொறுப்பிலுள்ள வாகனங்களை மழைக்கு முன்பும் பின்பும் சோதித்தல் வேண்டும். விரிப்பைத் தூக்கித் தரைத் தகட்டைக் கையால் தொட்டுப் பார்க்க. வடிதுளைகளைத் துப்புரவு செய்க. எச்சரிக்கை விளக்குகள் வண்டியைக் கிளப்பிய சிறிது நேரத்தில் அணைகின்றனவா எனக் கவனிக்க. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து, அதன் நாடா பிரியாதிருப்பதை உறுதி செய்க. பலகையைக் கழற்ற நேர்ந்தால் புதிய கிளிப்புகளையும் புதிய ஒட்டுநாடாவையுமே பயன்படுத்துக.

குறை தயாரிப்பைச் சேர்ந்ததாயின் அதனைத் தேதியுடன் எழுதி வைத்து முறையிடுதல் அவசியம். 2021 ஏப்ரல் முதல், பாதுகாப்பைப் பாதிக்கும் குறையுள்ள வாகனங்களைத் தயாரிப்பாளர் திரும்ப அழைத்துச் சீர்செய்ய வேண்டுமென மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. 7 ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு இது பொருந்தும். எத்தனை பேர் முறையிட்டனர் என்பதும் அரசின் முடிவுக்கு ஓர் அடிப்படை. ஓசையைப் பொறுத்துக்கொள்ளலாம்; ஈரத்தையும் எரியும் விளக்கையும் பொறுத்துக்கொள்ளுதல் ஆகாது.